உள்மரை நான்கு சுற்றோடு நின்றுவிடுகிறது: எம்60 × 2, பழைய பெல்ட் லேத்

ராணிப்பேட்டை_பட்டறை
எல்லோருக்கும் வணக்கம். சிப்காட் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தோல் தொழிற்சாலை வேலைதான் அதிகம் வரும். டிரம் ஷாஃப்ட், புஷ், பம்ப் கப்ளிங் இந்த மாதிரி. இப்போது வந்திருப்பது பிளேட்டிங் பிரஸ்ஸின் ஹைட்ராலிக் சிலிண்டர் வாயை மூடும் ஒரு கிளாண்டு நட்டு. மரை எம்60 × 2 (விட்டம் 60 மி.மீ., மரைக்கு மரை இடைவெளியான பிட்ச் 2 மி.மீ.), நீளம் 25 மி.மீ. உள்ளே கடைசியில் ஒரு உதடு, அதில் ராடு போக 40 மி.மீ. துளை. மரை முடிகிற இடத்தில் டூல் தாண்டிப் போக வழியில்லை என்பதால் 5 மி.மீ. அகலத்துக்குக் காடி எடுத்திருக்கிறேன். பொருள் ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு).

லேத் பழையது வாங்கியது. ஆறடி பெட், கோன் புல்லி, வேகம் குறைக்கும் பேக் கியர் உண்டு. கியர் பாக்ஸ் கிடையாது, பிட்சுக்குத் தக்கபடி கழற்றி மாட்டும் சேஞ்ச் கியர்தான். சக் ஸ்பிண்டில் மூக்கில் மரையேறி உட்காரும் வகை. போர் (உள்துளை) 58 மி.மீ. எடுத்து, 16 மி.மீ. போரிங் பாரில் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் வைத்து வெட்டினேன். பார் சுமார் 70 மி.மீ. வெளியே நிற்கிறது.

சிலிண்டரில் வைத்துத் திருகினால் முதல் நான்கு சுற்று விரலாலேயே போகிறது. அப்புறம் கெட்டியாகி நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் ஆழம் கொடுத்துப் பார்த்தால் இன்னொரு சுற்று ஏறுகிறது, ஆனால் ஆட்டம் வந்துவிடுகிறது. அழுத்தம் தாங்க வேண்டிய இடம், ஆட்டத்தோடு கொடுக்க மனசு வரவில்லை. அந்தப் பீஸை ஒதுக்கிவிட்டு அடுத்த பீஸுக்குப் போர் எடுத்து வைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஆம்பூர்_ஃபிட்டர்
அண்ணா, பார் மெலிசு. 16 மி.மீ. பாரை 70 நீட்டினால் அது வளையத்தான் செய்யும். உள்ளே போகப் போக டூல் விலகும், மரை கூம்பாகும். 25 மி.மீ. பார் போடுங்கள், சரியாகிவிடும்.

வாலாஜா_சிஎன்சி
ஒரே ஒரு பீஸ் என்றால் சி.என்.சி.யில் கொடுத்துவிடலாமே. 16 ஐஆர் இன்செர்ட் (மாற்றி மாட்டும் வெட்டுமுனை), ஏஜி60 என்று கேட்டால் 0.5 முதல் 3 மி.மீ. பிட்ச் வரை ஒன்றே போதும். முழு வடிவ இன்செர்ட் வாங்கினால் மரையின் உச்சியையும் அதுவே சீவிவிடும், ஆனால் ஒவ்வொரு பிட்சுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

ராணிப்பேட்டை_பட்டறை
சார், இன்று இந்த நட்டு, நாளைக்கு வேறொன்று. பிரஸ் நின்றால் அந்த ஷிஃப்டே நிற்கும், ராத்திரி எட்டு மணிக்குக் கொண்டுவந்து காலையில் கேட்பார்கள். என் லேத்திலேயே உள்மரை ஒழுங்காக வர வேண்டும்.

காட்பாடி_டர்னர்
தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. எந்த இடத்தில் பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சொல்லிவிட்டீர்கள். அதிலிருந்தே போகலாம்.

முதலில் ஆம்பூர் தம்பி சொன்னது. பார் வளையும், உண்மைதான். ஆனால் டூலைத் தாங்கி நகரும் கேரேஜோடு சேர்ந்துதான் பார் உள்ளே போகிறது. டூல் போஸ்டிலிருந்து பிட் வரைக்கும் உள்ள நீளம் வாயிலும் 70, அடியிலும் 70. அப்படியென்றால் வளைவும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மரை முழுக்கச் சமமாகச் சிறுத்திருக்குமே தவிர, கூம்பாகாது. சிறுத்த மரை முதல் சுற்றிலேயே பிடிக்கும், நான்கு சுற்று விரலால் போகவிடாது. கூம்பு வர வேண்டுமென்றால் ஜாப் சக்கில் நழுவியிருக்க வேண்டும், அல்லது ஹெட்ஸ்டாக் பெட்டுக்கு நேராக இல்லாமல் இருக்க வேண்டும். போர் எடுத்தபோதே அது தெரிந்திருக்கும். வாயில் 58, அடியில் 58 வந்ததா? வந்திருந்தால் கூம்பை விட்டுவிடலாம்.

அதற்காக 16 மி.மீ. பார் நல்லது என்று சொல்லவில்லை. பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படிக்கு ஏறும், நீட்டிய நீளத்தின் மூன்றாம் படிக்கு இறங்கும். 16-க்குப் பதில் 25 போட்டால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு விறைப்பு. 70-ஐ 40 ஆக்கினால் இன்னும் ஐந்து மடங்குக்கு மேல். இரண்டும் சேர்ந்தால் முப்பது மடங்கைத் தாண்டும். 58 மி.மீ. போரில் 25 மி.மீ. பார் தாராளமாக நுழையும், வைத்துக்கொண்டு ஏன் மெலிசில் வெட்ட வேண்டும்? ஆனால் உங்கள் நான்கு சுற்றுக்குக் காரணம் அது இல்லை.

ஆழம் கொடுத்தால் ஒரு சுற்று கூடுகிறது, கூடவே ஆட்டமும் வருகிறது என்கிறீர்கள். பிட்ச் தப்பான மரையின் குணம் அதுதான். கேரேஜை ஓட்டும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு எத்தனை மரை? எந்த கியர் மாட்டினீர்கள்?

ராணிப்பேட்டை_பட்டறை
லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை, ஐயா. போர் இரண்டு பக்கமும் 58 தான், டெலஸ்கோப்பிக் கேஜ் போட்டுப் பார்த்தேன். கியர்: லேத்தோடு 127 பல் கியர் வரவில்லை. கியர் மூடியின் உள்பக்கம் பழைய முதலாளி பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார், 2 மி.மீ.க்கு 20/63 என்று. அதைத்தான் மாட்டினேன். இதே கியரில் எம்16 போல்ட் வெட்டிக் கொடுக்கிறேன், நட்டு நன்றாகவே ஏறுகிறது. பிட்ச் கேஜும் பொருந்துகிறது.

காட்பாடி_டர்னர்
அந்த 20/63 தான் காரணம்.

கணக்கு போடுங்கள். அங்குலத்துக்கு 4 மரை என்றால் லீட் ஸ்க்ரூ பிட்ச் 6.35 மி.மீ. 2 மி.மீ. வெட்ட 2-ஐ 6.35-ஆல் வகுக்க வேண்டும், அது சரியாக 40/127. ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. அதனால்தான் அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட அந்த கியர் கேட்கப்படுகிறது. 127-இல் பாதி 63.5. யாரோ அந்த அரைப் பல்லை விட்டுவிட்டு 63 என்று எடுத்து, 40-இல் பாதி 20 வைத்து எழுதியிருக்கிறார். 20/63 போட்டால் வெட்டும் பிட்ச் 2.016 மி.மீ.

ஒரு சுற்றுக்கு 0.016 மி.மீ. பெரிதாகத் தெரியாது. எம்16 நட்டு 13 மி.மீ. உயரம், ஆறரை மரை. மொத்தப் பிழை 0.1, போல்ட் கொஞ்சம் லூசாக இருந்தால் அது அங்கேயே மறைந்துவிடும். உங்கள் கிளாண்டு நட்டு 25 மி.மீ., பன்னிரண்டரை மரை. கடைசியில் 0.2 மி.மீ. தள்ளிப் போகிறது. 60 டிகிரி மரையில் பிட்ச் பிழையை 1.732-ஆல் பெருக்கினால், அதை விழுங்க பிட்ச் விட்டத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று வரும். இங்கே 0.34 மி.மீ. அவ்வளவு ஆழம் கொடுத்தால் நட்டு அடி வரை ஏறும், ஆனால் முதல் மரையும் கடைசி மரையும் மட்டும் தொடும். ஆட்டத்தோடு கொடுக்க மனசு வரவில்லை என்றீர்களே, அது சரியான மனசு.

பிட்ச் கேஜ் நாலைந்து பல்லைத்தான் தொடும், இந்தப் பிழையை அது காட்டாது. இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஹாஃப் நட் (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு கோர்ப்பது) போட்டு, சக்கைக் கையால் இரண்டு சுற்று முன்னே சுற்றி கியர்களின் தளர்வை எடுத்துவிடுங்கள். பெட்டில் ஒரு பிளாக்கை கிளாம்ப் செய்து, அதிலிருந்து கேரேஜுக்கு உள்ள தூரத்தை வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சக்கைச் சரியாக 20 சுற்று சுற்றி மறுபடி அளங்கள். 40.0 வந்தால் நான் சொன்னது தப்பு. 40.3 வந்தால் கியர்தான்.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஒதுக்கி வைத்த நட்டில் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவி சிலிண்டரில் நான்கு சுற்று ஏற்றிக் கழற்றிப் பாருங்கள். கூம்பு என்றால் நட்டின் ஒரே முனையில் பல்லின் இரண்டு சரிவும் தேய்ந்திருக்கும். பிட்ச் பிழை என்றால் முதல் மரையில் ஒரு சரிவும், நான்காவதில் அதற்கு எதிர்ச் சரிவும் தேய்ந்திருக்கும்.

ராணிப்பேட்டை_பட்டறை
20 சுற்றுக்கு 40.3 வந்தது, ஐயா. புளூவும் நீங்கள் சொன்ன மாதிரியே எதிரெதிர்ச் சரிவில் தேய்ந்திருக்கிறது. 127 கியருக்குச் சொல்லிவிட்டேன், வர நாளாகும் என்கிறார்கள். என்னிடம் 20 முதல் 120 வரை ஐந்தைந்தாக உள்ள செட்டும், இந்த 63-ம் இருக்கின்றன.

காட்பாடி_டர்னர்
அது போதும், 127-க்குக் காத்திருக்க வேண்டாம். அந்த 63 கியரை உங்கள் லேத்துக்குக் கொடுத்தவர் காரணத்தோடுதான் கொடுத்திருக்கிறார், எழுதி வைத்தவர்தான் அதை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார். 80-ஐ 63-ஆல் வகுத்தால் 1.26984. 1.27-க்கு மிக நெருக்கம். 63-ஐ டிரிவனாக (ஓட்டப்படும் கியராக) போடாமல் டிரைவராக (ஓட்டும் கியராக) போட்டு, பக்கத்தில் 80-ஐ டிரிவனாக வையுங்கள். அந்த 80 உள்ள பின்னிலேயே 40, அது லீட் ஸ்க்ரூவில் 100-ஐ ஓட்டட்டும். 63/80 × 40/100 = 0.315. தேவையான எண் 0.31496. பிட்ச் 2.00025 வரும். 25 மி.மீ. நீளத்துக்கு மூன்று மைக்ரான் பிழை. எந்த கேஜும் அதைப் பிடிக்காது.

மாட்டியதும் அதே 20 சுற்றுச் சோதனையை மறுபடி செய்துவிட்டு வெட்டத் தொடங்குங்கள்.

ஆம்பூர்_ஃபிட்டர்
ஐயா, பாரைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம், நான் அப்படி யோசித்ததில்லை. மூடிய துளை என்பதால் ஒன்று கேட்கிறேன். நாங்கள் இந்த மாதிரி ஜாப்பை உள்ளிருந்து வெளியே வெட்டுவோம். டூலைக் காடியில் வைத்து, ஸ்பிண்டிலைப் பின்பக்கமாக ஓடவிட்டால் கேரேஜ் டெயில்ஸ்டாக் பக்கம் வரும். டூல் உதட்டில் மோதும் என்ற பயமே இல்லை. இவருக்கும் அதைச் சொல்லலாமா?

காட்பாடி_டர்னர்
முறை அருமையானது. பின்சுழற்சியில் முன்பக்கச் சுவரில் வெட்டுவதாக இருந்தால் பிட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் பிட்டை நிமிர்த்தியே வைத்து, எதிர்ப்பக்கச் சுவரில் வெட்ட வேண்டும். இரண்டாவதில் பல் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம், கிராஸ் ஸ்லைடும் வெளிமரை மாதிரி முன்னே தள்ளித்தான் ஆழம் கொடுப்பீர்கள்.

ஆனால் இவருடைய சக் மரையில் ஏறியது. பின்சுழற்சியில் வெட்டினால் வெட்டு விசையே சக்கைக் கழற்றும். கழன்ற சக் பெட்டில் விழும், அல்லது ஆள் மேல் விழும். கேம் லாக் சக் (மரையில்லாமல் பூட்டிப் பிடிக்கும் வகை) உள்ளவர்கள் மட்டும் இதைச் செய்யட்டும். மரைச் சக் உள்ளவர்கள் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

இவருக்கு வழி வேறு. மரை 25 மி.மீ. தான், பாஸுக்கு (ஒரு வெட்டு ஓட்டத்துக்கு) பதினைந்து சுற்றுக்குள் முடியும். மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, பேக் கியர் போட்டு, கோன் புல்லி பெல்ட்டைக் கையால் இழுத்தே வெட்டலாம். ஈ.என்.8-இல் 2 மி.மீ. பிட்சுக்கு அது கஷ்டமில்லை. டூல் காடிக்குள் வந்ததும் கை நிற்கும், மோட்டார் அப்படி நிற்காது. அந்தக் காலத்தில் மூடிய துளை மரையெல்லாம் ஸ்பிண்டிலின் பின்வாயில் கைப்பிடி மாட்டிச் சுற்றித்தான் வெட்டினார்கள்.

இன்னொன்று, ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. லீட் ஸ்க்ரூ அங்குலம், மரை மில்லிமீட்டர், திறந்துவிட்டால் பழைய பாதையில் மறுபடி விழ வழியில்லை. டூலைப் பின்வாங்கிவிட்டு, ஸ்பிண்டிலைத் திருப்பிச் சுற்றியே வெளியே கொண்டுவர வேண்டும். வெட்டு இல்லாமல் கையால் திருப்புவதால் சக் கழலாது. லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1, 1.5, 2, 3 பிட்சுக்கெல்லாம் எங்கே வேண்டுமானாலும் ஹாஃப் நட் போடலாம், 6-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் பிட்ச்கள் அவை. 1.25, 1.75, 2.5 போன்றவற்றுக்கு அது செல்லாது.

சத்துவாச்சாரி_மாணவன்
வணக்கம் சார், ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கிறேன். வெளிமரைக்குக் காம்பவுண்டை (டூலைத் தாங்கும் மேல் ஸ்லைடை) 29 டிகிரி திருப்பச் சொல்லித் தந்தார்கள். உள்மரைக்கும் அதேதானா? டூல் உயரம் எப்படி?

காட்பாடி_டர்னர்
நல்ல கேள்வி தம்பி. வெளிமரையில் ஆழம் கொடுக்கும்போது டூல் உங்களை விட்டு முன்னே போகிறது, உள்மரையில் உங்களை நோக்கி வருகிறது. அதனால் காம்பவுண்டை எதிர்ப்பக்கம், கைப்பிடி ஹெட்ஸ்டாக் பக்கம் சாயும்படி திருப்ப வேண்டும். கைப்பிடியைப் பின்னால் இழுத்து ஆழம் கொடுக்கிறோம், தளர்வை முதலில் அந்தத் திசையிலேயே எடுத்துவிட வேண்டும். நிறைய லேத்தில் கைப்பிடி ஹெட்ஸ்டாக்கில் இடிக்கும், அதனால் 2 மி.மீ. வரை பலரும் கிராஸ் ஸ்லைடில் நேராகவே கொடுத்துவிடுகிறோம். பார் தடிமனாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

டூல் உயரம் சென்டரில், அல்லது மயிரிழை மேலே. பார் பாரத்தில் கீழே வளையும்போது சென்டருக்கு வந்துவிடும். சென்டருக்குக் கீழே வைத்தால் பிட்டின் அடி போரில் உரசும், வெட்டாது. பிட்டை நேர் வைக்க சென்டர் கேஜை ஜாப்பின் முகத்தில் ஒட்டிப் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து வெளிச்சம் பார்.

பிட்டின் மூக்கும் முக்கியம், வெளிமரைக்கு அரைத்த பிட்டை அப்படியே உள்ளே போடக் கூடாது. மெட்ரிக் மரையில் போல்ட்டின் அடிப்பள்ளம் பிட்சில் கால் பங்கு அகலம், நட்டின் அடிப்பள்ளம் எட்டில் ஒரு பங்குதான். 2 மி.மீ.க்கு 0.25. மூக்கு அகலமாக இருந்தால் பல்லின் சரிவு சரியான அளவுக்கு வந்த பிறகும் அடியில் போல்ட்டின் உச்சி முட்டும்.

ராணிப்பேட்டை, உங்கள் பிட் எதற்கு அரைத்தது?

ராணிப்பேட்டை_பட்டறை
எம்16 போல்ட் வெட்டும் அதே வடிவம்தான், ஐயா. புதிதாக அரைத்துவிடுகிறேன். 25 மி.மீ. பாரும் தயார் செய்கிறேன். ஆழம் எவ்வளவு கொடுக்கலாம்?

காட்பாடி_டர்னர்
போர் 58 சரியான அளவுதான். கணக்குப்படி 57.835, 6எச் பொருத்தத்தில் (உள்மரைக்கான வழக்கமான அளவு வரம்பு) 58.21 வரை அனுமதி உண்டு. 58-லிருந்து 60-க்குப் பக்கத்துக்கு 1 மி.மீ. ஆழம். முதல் பாஸ் 0.2, அப்புறம் 0.15, பிறகு 0.1, கடைசியில் 0.05. டயலை 1 மி.மீ.க்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் டயலை நம்புவதை நிறுத்திவிடுங்கள், பார் வளைந்து கொஞ்சம் பாக்கி வைத்திருக்கும். ஆழம் கூட்டாமல் அதே பாதையில் இரண்டு முறை ஓட்டி அந்தப் பாக்கியை எடுத்துவிட்டு, ஜாப்பைக் கழற்றாமலே சிலிண்டரின் மரைமுனையை ஏற்றிப் பாருங்கள். சிலிண்டரைத் தூக்க முடியாதென்றால் அதே மரையில் ஒரு பிளக் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கட்டிங் ஆயில் தடவுங்கள். வாயில் 60-க்குச் சற்று மேலே சேம்ஃபர் (விளிம்புச் சரிவு) எடுத்துவிடுங்கள். காடியின் விட்டம் 60.5 இருக்கட்டும்.

உள்மரையில் பின்வாங்குவது வெளிமரைக்கு நேர் எதிர். கை பழக்கத்தில் இழுத்துவிடும், பிட் பல்லுக்குள் குத்தி ஜாப் போய்விடும். கிராஸ் ஸ்லைடு கைப்பிடிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் அம்பு போட்டு வையுங்கள். ரொம்பவும் பின்வாங்கினால் பாரின் முதுகு எதிர்ச்சுவரில் இடிக்கும், அதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம்_பம்ப்செட்
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். போர்வெல் பம்புக்கு ஒரு இஞ்ச் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் மரை) சாக்கெட் வெட்ட வேண்டும். போர் எவ்வளவு எடுப்பது? 25.4-லிருந்து கணக்கு போட்டால் பைப் பக்கத்திலேயே வரவில்லை.

வாலாஜா_சிஎன்சி
பி.எஸ்.பி.யில் ஒரு இஞ்ச் என்பது பைப்பின் உள்வழியை வைத்து வந்த பெயர், மரையின் விட்டம் இல்லை. மரையின் வெளிவிட்டம் 33.249, அங்குலத்துக்கு 11 மரை, கோணம் 55 டிகிரி. நேர் மரை என்றால் போர் 30.3 எடுங்கள். 60 டிகிரி பிட் போடாதீர்கள், நீர் கசியும். லீட் ஸ்க்ரூ 4 என்றால் கியர் 40/110 போதும், 127 தேவையில்லை. மரை வெட்டும் டயல் இருந்தால் அதைப் பார்த்து ஒரே எண்ணில் ஹாஃப் நட் போடுங்கள்.

ராணிப்பேட்டை_பட்டறை
63/80, 40/100 மாட்டினேன். 20 சுற்றுக்கு 40.0. புதிய பிட், 25 மி.மீ. பார், நீட்டியது 40 மட்டும். மோட்டார் போடாமல் பெல்ட்டை இழுத்தே முழுக்க வெட்டினேன். சீவல் மெல்லிய சுருளாக வந்தது, பழைய பாரில் கேட்ட கரகர சத்தம் இல்லை. டயலில் 1 மி.மீ. வந்தபோது பிளக் வாயிலேயே நின்றது. ஆழம் கூட்டாமல் இரண்டு முறை ஓட்டியதும் பாதி வரை போனது, 0.05 கொடுத்ததும் அடி வரை ஏறிவிட்டது. சிலிண்டரிலும் கையால் முழுக்க ஏறுகிறது, ஆட்டம் இல்லை. நட்டைக் கொடுத்துவிட்டேன், பிரஸ் ஓடுகிறது.

கியர் மூடியில் எழுதியதை அழித்துவிட்டுச் சரியானதை எழுதப் போகிறேன். மற்ற பிட்ச்களுக்கும் சொன்னால் ஒரேயடியாக எழுதிவிடுவேன், ஐயா.

காட்பாடி_டர்னர்
ரொம்பச் சந்தோஷம் தம்பி. 63/80 மாறாது. 100-ம் மாறாது. அந்த 40-ஐ மட்டும் மாற்றினால் போதும். பிட்சை 20-ஆல் பெருக்குங்கள்: 1-க்கு 20, 1.25-க்கு 25, 1.5-க்கு 30, 1.75-க்கு 35, 2.5-க்கு 50, 3-க்கு 60. 4 மி.மீ.க்கு மட்டும் 80 இரண்டு தேவைப்படும், அப்போது 80/100-க்குப் பதில் 40/50 போடுங்கள். 127 கியர் வந்த பிறகும் இந்த வரிகளை அழிக்க வேண்டாம்.